நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் இரவுகள்

தங்கச்சி, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கீழ்வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு, இரவில் நாலு தரம் எழும்பி மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், நுளம்பு பெருகும் தண்ணீரை அகற்ற அயலவர்கள் அசைகிறார்களில்லை என்று எழுதியிருந்தீர்கள். 2017இல், இலங்கை முழுக்க 1,80,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம், நானும் அப்படித்தான் கிடந்தேன்.

படுக்கப் போகும்போது ஒரேயொரு தரம் தேர்மாமீட்டர் வைத்து, அளவைக் கொப்பியில் எழுதுங்கள். எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் அடங்கும். படுக்கையில் வட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். நித்திரை தொடர்ந்து கெட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

காய்ச்சல் வந்தால் நிறைக்கேற்ற பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். அஸ்பிரின், இபுப்ரோஃபன் கூடாது. டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் விட்டதும் 'சரி, தப்பினோம்' என்று இருந்துவிடாதீர்கள், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்வது, சலம் குறைவது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

அயலவர்களா? நான் கூட்டம் வைத்தேன், இரண்டு பேர் வந்தார்கள். (ஒருவர் தேத்தண்ணிக்கு.) அப்புறம் ஒரு ஞாயிறு காலை எங்கள் ஃபிரிட்ஜின் பின்தட்டை இழுத்து, டோர்ச் அடித்துப் பக்கத்துவீட்டு அன்ரிக்குக் காட்டினேன். தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. அன்றைக்கே மொட்டைமாடிப் பூச்சாடித் தட்டெல்லாம் கவிழ்ந்துவிட்டது! தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை நுளம்பாகக் கிட்டத்தட்ட ஒரு வாரம், ஆகவே வாராவாரம் செய்யவேண்டும். பூட்டிக்கிடக்கும் வீட்டை மட்டும் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள்.