ஆடியில் ஊன்றிய வெண்டை அழுகிப்போனது ஏன்? ஐப்பசியில் என்ன விதைக்கலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலில் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் வைத்திருக்கிறேன். களிமண் நிலம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஆயா சொன்னதை நம்பி ஆகஸ்ட் தொடக்கத்தில் வெண்டை ஊன்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. செப்டம்பரில் மறுபடி ஊன்றி, மேலே காய்ந்த புல்லைக் கனமாகப் பரப்பி, தினமும் தண்ணீர் விட்டேன். நாலைந்து செடி வந்தது, அதுவும் மஞ்சளாகி நிற்கிறது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் தங்கைக்கு அதே விதை நன்றாக முளைத்திருக்கிறது. இப்போது அக்டோபர் நடுவில் என்ன செய்யலாம்? கத்தரி, மிளகாய், பாகல் போடவும் ஆசை.

பதில்: அம்மா, விதை மேல் சந்தேகமே வேண்டாம். தங்கை வீட்டில் முளைத்ததே அதற்குச் சாட்சி. உங்கள் மண் குளிர்ந்து கிடந்ததுதான் காரணம்.

ஆயா சொன்ன பழமொழி தமிழ்நாட்டு மண்ணுக்குச் சரி. அங்கே ஆடியில் மண் சூடாக இருக்கும், தென்மேற்குப் பருவக்காற்றால் ஆற்றில் தண்ணீரும் வரும். இங்கே அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கடுங்குளிர், வறட்சி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டால் பட்டமும் தலைகீழாக மாறிவிடும். நம் நேட்டால் மாகாணத்தில் கோடை மழை அக்டோபரில் பிடித்து மார்ச் வரை பெய்யும். அதனால் நமக்கு ஐப்பசிதான் ஆடி. தீபாவளியை ஒட்டி விதைப்பது என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது.

சாட்ஸ்வர்த் கடலுக்குப் பக்கம், உறைபனி அபூர்வம். உங்கள் ஊர் சுமார் 600 மீட்டர் உயரத்தில், பள்ளத்தில் இருக்கிறது. இரவுக் குளிர் அங்கேயே தேங்கி நிற்கும். செப்டம்பரில் நாலு நாள் வெயில் அடித்தால் ஏமாந்துவிடக் கூடாது. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் மலைமேல் இருக்கும் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையையே மூடினார்கள், நினைவிருக்கும்.

வெண்டை விதை மண்ணின் சூட்டைப் பார்த்துத்தான் முளைக்கும். மண் 30 டிகிரியில் இருந்தால் ஒரு வாரம் போதும். 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், 15 டிகிரியில் நாலு வாரம் வரை இழுக்கும். அத்தனை நாள் ஈரக் களிமண்ணில் கிடந்தால் பூஞ்சை பிடித்து அழுகத்தான் செய்யும். அதன் மேல் நீங்கள் புல்லையும் பரப்பிவிட்டீர்கள். மூடாக்கு நல்ல பழக்கம்தான், நான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் குளிர்ந்த மண்ணை மூடினால் வெயில் உள்ளே இறங்காது, குளிர் அப்படியே தங்கிவிடும். செடி ஒரு சாண் உயரம் வந்து, மண்ணும் சூடான பிறகு மூடுங்கள்.

மஞ்சளாக நிற்கும் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். சின்ன வயதிலேயே குளிர் பிடித்து வேர் கெட்ட வெண்டை தேறி வருவது கஷ்டம். இன்று ஊன்றும் விதை அதை முந்திவிடும்.

புல்லை ஒதுக்கிவிட்டு, மண்ணைக் கொத்தி, நன்கு மக்கிய எரு கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். களிமண்ணில் இது மிகவும் முக்கியம். தண்ணீர் வடியும், மண்ணும் சீக்கிரம் சூடேறும். பச்சைக் கோழி எரு மட்டும் வேண்டாம், முளையைக் கருக்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு ஒரு தெர்மாமீட்டரை இரண்டு அங்குல ஆழத்தில் குத்திப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாலு நாள் 18 டிகிரிக்கு மேல் காட்டினால் விதைக்கலாம். விதையை ஒரே ஒரு இரவு ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு அடிக்கு ஒரு குழியாக ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விடுங்கள். ஊன்றியதும் ஒரு முறை நன்றாக நனைத்தால் போதும், முளைக்கும்வரை மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி. தினமும் ஊற்றாதீர்கள். இப்போது போட்டால் பொங்கலுக்கு முன்பே காய் பறிக்கலாம்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் விதை போட்டு நாற்று எடுக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். இப்போது போட்டாலும் பலன் உண்டு, ஆனால் நாற்றாக வாங்கி நடுவதுதான் என் யோசனை. போன வருடம் தக்காளி, உருளை இருந்த இடத்தில் நட வேண்டாம். மழை பிடித்த பிறகு நன்றாக இருந்த கத்தரிச் செடி திடீரென்று துவண்டால், தண்டை வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் மாதிரி நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து கிடையாது. வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். நாற்று நட்டதும் தண்டைச் சுற்றி அட்டைக் குழாய் ஒன்றைச் செருகி வையுங்கள், இல்லாவிட்டால் வெட்டுப்புழு ராத்திரியில் அடியோடு அறுத்துவிடும்.

பாகல் இன்னும் சூடு கேட்கும். நவம்பர் பிறக்கட்டும். ஓடு கெட்டியான விதை, முனையை லேசாகக் கீறி ஊறவைத்துப் போடுங்கள். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பை மாட்டினால் பழ ஈயிடமிருந்து தப்பும்.

முளைக்கீரை, தட்டைப்பயறு, கொத்தவரை, டபுள் பீன்ஸ் எல்லாவற்றுக்கும் இது சரியான நேரம். சேம்பு, அதாவது மடும்பி, கிழங்கையும் இப்போதே புதைக்கலாம். கொத்தமல்லி வேண்டுமானால் நிழலில் கொஞ்சம் போடுங்கள், வெயில் ஏறினால் பூத்துவிடும். அதற்கு நல்ல பட்டம் மார்ச்சில்தான். உங்கள் பக்கம் இடி மழையோடு ஆலங்கட்டியும் விழும் என்பதால், இளம் நாற்றுகளுக்கு மேல் நிழல்வலை கட்டி வைப்பது நல்லது.

ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் விதை கொண்டுவரும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். 1983-ஆம் ஆண்டு வேளாண் பூச்சிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விதையோடு புது நோயும் வந்து இறங்கும் என்பதால் அது தேவையான சட்டம்தான். இங்கே கிடைக்கும் கிளெம்சன் ஸ்பைன்லெஸ் என்ற வெண்டை ரகம் நன்றாகவே காய்க்கும். கலப்பினம் இல்லாததால் விதையும் எடுக்கலாம். நன்றாகக் காய்த்த இரண்டு செடியில் சில காய்களைப் பறிக்காமல் செடியிலேயே முற்றிக் காயவிட்டு எடுத்து வையுங்கள், அடுத்த ஐப்பசிக்கு ஆகும்.