வகுப்பில் காது கேளாத பிள்ளைகள்: நட்பு பற்றிச் சில கேள்விகள்

இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கும் என் மகள் பாடத்தில் கெட்டி. ஆனால் இடைவேளையில் ஒதுங்கியே நிற்கிறாள். ஏன்?

பாட நேரத்தில் ஒருவர்தான் பேசுவார். இடைவேளையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எவ்வளவு நல்ல கருவியும் இரைச்சலையும் சேர்த்தே எடுக்கும். பேசுபவர் தள்ளி நின்றால் குரலும் மங்கும்: திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்றால், ‘பணம்’, ‘மணம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. யார் பேசுகிறார் என்று திரும்புவதற்குள் ஜோக் முடிந்துவிடும்.

‘என்ன சொன்னே?’ என்றால் ‘ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்’ என்று பதில் வரும். காதில் விழாததைவிட இதுதான் பிள்ளையை அதிகம் ஒதுக்குகிறது. ஒரே வரியிலாவது உடனே சொல்லிவிடும்படி தோழிகளிடம் பேசுங்கள். மகளுக்கும் ஒன்று பழக்குங்கள்: வெறும் ‘ஆங்?’ வேண்டாம். ‘ஞாயித்துக்கிழமை எங்கே போறோம்னு சொன்னே?’ என்று, காதில் விழுந்ததைச் சொல்லி விட்டுப்போனதை மட்டும் கேட்கலாம்.

என் வகுப்பில் காது கேளாத மாணவன் ஒருவன் குழு வேலையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். பிறகு எதுவும் செய்வதில்லை. (ஓர் ஆசிரியை)

மறுபடி மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டுவார்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘ம்’ என்றுதான் வரும். ‘முதல்ல நீ என்ன செய்யப்போறே?’ என்று கேளுங்கள்.

குழுவில் மூன்று நான்கு பேர் போதும். மூலையான இடம் நல்லது. ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மற்றவர் முகத்தில் வெளிச்சம் விழும். ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளை என்றால், அந்தக் காது குழுவைப் பார்த்து இருக்கட்டும்.

கருவியோடு இணையும் வயர்லெஸ் மைக் இருந்தால் அதைக் குழுவிடம் கொடுங்கள். பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். மைக் உங்கள் கழுத்திலேயே அணைக்காமல் தொங்கும். நீங்கள் அடுத்த குழுவோடு பேசுவது அவன் காதில் விழுந்து, பக்கத்தில் இருப்பவன் பேச்சு அமுங்கிவிடும்.

முதல் வரிசை நடுவில் உட்கார வைத்தால் போதாதா?

போதாது. ஆசிரியர் தெரிவார்; பின்னால் பதில் சொல்லும் பிள்ளை தெரியாது. இரண்டாம் வரிசை ஓரம் மேல். பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போட முடிந்தால் இன்னும் நல்லது. பேசப்போகும் பிள்ளையின் பெயரை ஆசிரியர் முதலில் சொல்ல வேண்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் கூடவே இருக்கிறார். மற்றப் பிள்ளைகள் அவரிடமே பேசுகிறார்கள்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசும்படி வகுப்புக்குச் சொல்லுங்கள். ஆசிரியரும் அப்படியே செய்யட்டும். விளையாட்டு நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தள்ளி, கூப்பிட்டால் வரும் தூரத்தில் நிற்கலாம். வகுப்புக்குச் சைகை கற்றுக்கொடுக்கும்போது வணக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ‘உன் முறை’, ‘ஏமாத்தாதே’, ‘இன்னொரு ஆட்டம்’ ஆகியவைதான் உடனே பயன்படும்.