பருப்பு ஏன் வேகவில்லை?

(கொடைக்கானல் மலையில் ஒரு சின்ன மாற்றுப் பள்ளியில் 19 ஆண்டுகளாக அறிவியல் சொல்லித்தரும் டீச்சர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

டீச்சர், என் நாத்தனார் மகன் மலைமேல் ஒரு மாற்றுப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறான். லீவுக்கு வந்தால் தோட்டம் கொத்தினோம், சமைத்தோம் என்றுதான் சொல்கிறான். பாடம் எப்போதுதான் நடக்கும்? என் மகளையும் அங்கே சேர்க்கலாமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

சமைத்தோம் என்றதும் எனக்கு எங்கள் பருப்புதான் ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளியில் வாரத்தில் ஒருநாள் பிள்ளைகள் சமையல். குக்கர் கெட்டுப்போன ஒரு வாரம் துவரம்பருப்பைச் சட்டியில் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு மசியவில்லை. "எங்க அம்மாச்சி வீட்ல சட்டியிலேயே வெந்துடுமே" என்றாள் மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்காரி ஒருத்தி. "இது மலைத் தண்ணி, அப்படித்தான்" என்று சமையல் அக்கா முடித்துவிட்டார்.

பிள்ளைகள் விடவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அப்பா பஸ்ஸில் ஒரு கேன் வத்தலக்குண்டுத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். அதிலும் பருப்பு அதே கதைதான். சரி, தண்ணீர் மேல் தப்பில்லை. அப்புறம் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார்கள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் 93 டிகிரி காட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தில் 100 என்றிருக்கிறதே, கருவிதான் கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி வந்தேன். அதுவும் 93. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும் என்று கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அது என் அடுப்பிலும் நடக்கும் என்று அதுவரை தோன்றவேயில்லை.

பிறகு தெர்மாமீட்டரோடு எல்லோரும் பஸ் ஏறினோம். வத்தலக்குண்டு டீக்கடையில் 99. மலை ஏறும் வழியில் பெருமாள்மலையில் 95-ஐ ஒட்டி. கொடைக்கானல் வந்தால் மறுபடியும் 93. ஒரு டீக்கடைக்காரர் எங்களைச் சுகாதாரத் துறை என்று நினைத்து அவசரமாகக் கல்லாவைத் துடைத்தார்! கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி. திரும்பி வந்து கிராஃப் தாளில் புள்ளி வைத்ததில், ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும், பருப்பும் சீக்கிரம் வேகும், குக்கர் செய்வது அதைத்தான் என்று ஒரு பையனே சொன்னான். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

ஆனால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததோடு விட்டிருந்தால் அது வெறும் சமையல்தான். ஆகவே, சேர்ப்பதற்கு முன் நாத்தனார் மகனின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அளந்த எண், அடித்துத் திருத்திய கணக்கு, "மலைத் தண்ணிதான் காரணம்" மாதிரித் தப்பாகப் போன ஊகம் எல்லாம் அதில் இருந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். மண் அப்பிய கையின் போட்டோ மட்டும் காட்டினால் அது பிக்னிக். எங்கள் பள்ளியிலும் முதல் சில வருஷம் பிக்னிக்தான் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப் படித்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா?
— ஒரு தகப்பன், ஒட்டன்சத்திரம்

முடியும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வை 14 வயது முடிந்தவர்கள் எழுதலாம். ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு செய்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் பிரித்துப் பிரித்து முடிக்கலாம். கடைசி ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிப் பழகத்தான் வேண்டும். அதில் சலுகை கிடையாது.

மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் இருந்தார் என்பது உண்மையா?
— ஒரு வாசகி, பழனி

உண்மைதான். மாண்டிசோரி கல்விமுறையை உருவாக்கிய இத்தாலியக்காரர் அவர். அடையாறு பிரம்மஞான சபை அழைத்து 1939-ல் சென்னைக்கு வந்தார், அப்போது வயது 69. போரில் சிக்கி ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் செடி, பூச்சி, கல் என்று சொல்லிக்கொடுத்தார். இங்கே வரும் டூரிஸ்ட் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சாக்லேட் கடைக்குத்தான் வழி கேட்கிறார்கள்.

எங்களுக்கு மலைப் பள்ளிக் கட்டணம் கட்ட வசதியில்லை. மகன் அரசுப் பள்ளியில் ஆறாவது. வீட்டில் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், வத்தலக்குண்டு

மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை 11 மணியிலிருந்து 1 மணி வரை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். நிழல் எத்தனை மணிக்கு மிகக் குட்டையாக இருக்கும் என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 12 என்பான். ஏப்ரலில் செய்தால் 12.20-ஐ ஒட்டித்தான் வரும். நம் கடிகாரம் உத்தரப்பிரதேசம் வழியாகப் போகும் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. அதற்கு மேற்கே இருக்கிற நம் ஊர் உச்சிக்குச் சூரியன் வரக் கொஞ்சம் பிந்தும். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். ஏப்ரல் நடுவில் ஒருநாள், ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், உச்சிப்பொழுதில் குச்சிக்கு நிழலே இருக்காது. அன்றைக்கு மட்டும் நீங்களும் மாடிக்குப் போங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், தரை சுடும்.