எஸ்டேட் முன்பணம் பாக்கி இருக்கும்போது அப்பா வேலையை விடலாமா?

தாராளமாக விடலாம். 30,000 ரூபாய் பாக்கி என்று சொல்லி உங்கள் அப்பாவைக் கோத்தகிரி தேயிலை எஸ்டேட்டிலேயே பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ரேஷன் கார்டையும் ஆதாரையும் மேஸ்திரி (ஆட்களை மேய்த்து வேலை வாங்குபவர்) வாங்கி வைத்திருப்பதும் தப்பு.

நீங்கள் எழுதிய இந்த விவரங்களைப் பார்த்தால் கொத்தடிமை முறை போலத்தான் தெரிகிறது. கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே ரத்து. அதற்காகப் பணம் வாங்கினால் வாங்கியவர்மேல்தான் வழக்கு வரும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலில் கொழுந்து எடை எழுதும் நோட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம், கையில் வந்தது எவ்வளவு? பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா கைநாட்டு வைத்த பக்கத்தை விட்டுவிடாமல்.

பிறகு குன்னூர் கோட்டாட்சியரிடமோ ஊட்டியில் கலெக்டரிடமோ மனு கொடுங்கள். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று காட்டும் விடுதலைச் சான்றிதழ் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். மறுவாழ்வு உதவிக்கு அது முக்கியம். இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஒன்று மட்டும்: முன்பணம் வாங்கியதாலேயே கொத்தடிமை ஆகிவிடாது. வெளியே போகவோ வேறு இடத்தில் வேலை பார்க்கவோ விடாமல் தடுத்தார்களா, கூலியைக் குறைத்தார்களா என்பதைத்தான் விசாரிப்பார்கள். அம்மாவும் தங்கையும் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டில்தானே இருக்கிறார்கள்? அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு மனுவைக் கொடுங்கள்.