பாகா முதலைகளைப் பார்க்கப் போகலாமா?

வாசகி ஒருவர் கானாவின் தேமாவிலிருந்து எழுதியிருக்கிறார்: "மூன்று வருடங்களாக இங்கே இருக்கிறோம். டிசம்பர் விடுமுறைக்கு மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து முதல்முறையாக வருகிறார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. வடக்கே எல்லையில் பாகா என்ற ஊரில் முதலையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று என் ஏழு வயது மகன் பள்ளியில் கேட்டுவந்து நச்சரிக்கிறான். தொடுவது ஆபத்தில்லையா? உயிர்க்கோழியை இரையாகக் கொடுக்க வேண்டுமாம், நாங்கள் சைவம். அவ்வளவு தூரம் போகிறோம், எல்லையைத் தாண்டி புர்கினா ஃபாசோவுக்குள்ளும் ஒரு எட்டுப் போய்வரலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். பாகாவிலிருந்து அந்த நாட்டின் தலைநகர் வகடூகு நூற்று அறுபது கிலோமீட்டர்தான், நல்ல சாலைதான். ஆனால் புர்கினா ஃபாசோவில் 2022ல் மட்டும் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. நாட்டின் பெரும்பகுதியில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் நடந்துகொண்டே இருக்கிறது. குழந்தையையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு அங்கே கால் வைக்க எந்தக் காரணமும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தியெபெலே என்ற ஊரின் அரண்மனைக் குடியிருப்பு 2024ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஓவியம் தீட்டிய மண்சுவர்களைப் பார்க்கும் ஆசையில்தான் கேட்டீர்கள் என்றால், அதற்குக் கானாவுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கானாவின் மேல்கிழக்கு மாநிலத்திலும் எல்லா ஊரும் ஒன்றல்ல. பாவ்கு பக்கம் இரண்டு இனத்தாருக்கு இடையே நீண்டகாலப் பகை, துப்பாக்கிச் சூடும் ஊரடங்கும் வந்து வந்து போகும். அது பாகாவுக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது, உங்கள் பாதையில் வராது. ஓட்டுநர் குறுக்கு வழி என்று சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம், மாநிலத் தலைநகரான போல்காதங்காவில் நீங்கள் தங்கப்போகும் விடுதிக்கே போன் செய்து நிலவரம் கேளுங்கள். எச்சரிக்கை அறிவிப்புகளைப் படிப்பதோடு இதையும் செய்யுங்கள், அன்றாட நிலை அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, முதலைக்கு வருவோம்.

பாகா கசேனா மக்களின் ஊர். இந்த இனம் எல்லைக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறது. நடுவில் ஓடும் கோடு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஏறத்தாழப் பதினோராம் அட்சக்கோட்டை ஒட்டிக் கிழித்தது. ஊரின் மூதாதை நாவே என்பவர், இன்றைய புர்கினாவில் உள்ள லியோ பகுதியிலிருந்து வந்தவர் என்பது அவர்களுடைய வழக்கு. வேட்டைக்குப் போய் வழியில் மாட்டிக்கொண்டு உயிருக்குத் தவித்தவரை ஒரு முதலை தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனது என்று ஒரு கதை. துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்ப முதலை முதுகில் ஏற்றி ஆற்றைக் கடக்கவைத்தது என்று இன்னொரு கதை. எப்படிச் சொன்னாலும் முடிவு ஒன்று: என் வழிவந்த ஒருவரும் முதலையைக் கொல்லவோ தின்னவோ கூடாது என்று அவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை இன்றும் ஊர் காப்பாற்றுகிறது. ஊரில் ஒவ்வொருவர் உயிரும் ஒரு முதலையோடு பிணைந்திருக்கிறது, இங்கே ஒருவர் இறந்தால் அங்கே ஒரு முதலை இறக்கும் என்று நம்புகிறார்கள். குலக்குறி என்று மானிடவியல் புத்தகத்தில் படிக்கிறோமே, அது இங்கே நடைமுறையாகவே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே நீங்கள் பார்க்கப்போவது ஒரு குடும்பத்தின் முன்னோர்களை. அவன் அதைப் புரிந்துகொண்டால், எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பது தானாக வரும்.

குளம் இரண்டு உண்டு. ஊர்த்தலைவர் பெயரால் வழங்கும் பெரிய குளம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. ஜெங்கா குளம் கொஞ்சம் உள்ளே. இரண்டிலும் பழக்கம் ஒன்றுதான். கட்டணம் கட்டியதும் வழிகாட்டி ஒருவர் கையில் கோழியோடு கரைக்கு வருவார். சீழ்க்கை அடிப்பார், கோழியின் காலைப் பிடித்து ஆட்டுவார், அது கத்தும். தண்ணீர் அசையாமல் கிடக்கும். பிறகு நடுக்குளத்தில் இரண்டு முடிச்சு தெரியும், அது கண். முடிச்சு கரையை நோக்கி நகரும், பின்னால் ஒரு நீளமான சுருக்கம். கரையேறும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி, நான்கு காலில் நடந்து வரும். ஊர்ந்து வரும் என்று நினைத்தவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டடி பின்னால் போவார்கள். வாயைத் திறந்து அப்படியே படுத்துக்கொள்ளும். வழிகாட்டி பின்பக்கமாக உங்களைக் கூட்டிப்போய் வாலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார், படம் எடுப்பார். முடிந்ததும் கோழி அதன் வாய்க்குள் போகும்.

இந்த முதலை நைல் முதலை என்றே வெகுகாலம் கணக்கில் இருந்தது. 2011ல் வெளியான மரபணு ஆய்வுதான் மேற்கு ஆப்பிரிக்க முதலை தனி இனம் என்று உறுதி செய்தது. பழைய எகிப்தியர்கள் கோயிலில் வைத்துப் பதப்படுத்திய முதலை உடல்களும் இந்த இனம்தான் என்று அந்த ஆய்வில் தெரிந்தது. நைல் முதலையைவிடச் சற்றுச் சிறியது, மூர்க்கமும் குறைவு. பாகாவில் இவற்றின் பக்கத்திலேயே பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். எங்கள் முதலை யாரையும் கடித்ததில்லை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உங்களுக்கு ஆலோசனை சொல்லும்போது முதலையின் உடம்பை வைத்துத்தான் பேச முடியும். குறைவான மூர்க்கம் என்றால் மூர்க்கமே இல்லை என்று பொருளில்லை.

ஆகவே பெரியவர்கள் தொடலாம், வழிகாட்டி பக்கத்தில் இருந்து சரி என்று சொன்ன பிறகு, பின்பக்கமிருந்து, ஒரே ஒரு முறை. முதலைக்குக் கண் தலையின் மேலே இருப்பதால் அதன் பார்வை அகலம், சரியாகப் பின்னால் மட்டும்தான் தெரியாது. பக்கவாட்டில் போனால் தலையையும் வாலையும் ஒரே நொடியில் வீசும், வால் அடியே எலும்பை முறிக்கும். முதுகில் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். பலர் குந்தியபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அதன் முதுகில் பாரம் வைப்பது அந்த உயிருக்கும் நல்லதில்லை, திடீரென்று அது திரும்பினால் குந்திய நிலையிலிருந்து உங்களால் எழுந்து ஓடவும் முடியாது. மாமியாருக்கு மூட்டு வலி இருந்தால் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மகனை மட்டும் தொட விடாதீர்கள். அழுதாலும் சரி. ஏழு வயதுப் பிள்ளையின் உயரமும் எடையும் முதலைக்கு இரையின் அளவு, பயந்தால் சட்டென்று ஓடுவதும் இரையின் அசைவு. பத்தடி தள்ளி, உங்கள் கை அவன் தோளில் இருக்க, நிற்கட்டும். தண்ணீர் விளிம்பில் யாரும் நிற்க வேண்டாம். எல்லோரும் கரையில் படுத்திருக்கும் முதலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், குளத்தில் இருப்பது அது ஒன்று மட்டுமில்லை.

கோழி விஷயம். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, அதைச் சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. கரைக்குப் போன பிறகு, கோழி கத்தும்போது வேண்டாம் என்பதில்தான் சங்கடம். கட்டணம் கட்டும் இடத்திலேயே பேசிவிடுங்கள்: எங்கள் வீட்டில் உயிர்ப்பலி வழக்கமில்லை, நுழைவுக் கட்டணமும் வழிகாட்டிக்கு உரியதும் முழுதாகத் தருகிறோம், கோழி வேண்டாம், கரையில் கிடக்கும் முதலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். குல வழக்கம் என்று சொன்னால் அங்கே நன்றாகவே எடுபடும், அவர்களும் ஒரு விலக்கைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பவர்கள்தானே. ஆனால் கோழி இல்லாமல் முதலை கூப்பிட்டதும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் காலை ஒன்பது, பத்து மணிக்கு அங்கே இருங்கள். டிசம்பரில் இரவு குளிராக இருக்கும், முதலைக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும், அந்த நேரத்தில் தானாகவே கரையேறிப் படுத்திருக்க வாய்ப்பு அதிகம். உச்சிவெயிலில் தண்ணீருக்குள் போய்விடும். வேறு யாராவது கோழி வாங்கியிருந்தால் மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எது எதற்கு எவ்வளவு என்பதையும் அந்த இடத்திலேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். நுழைவு, வழிகாட்டி, கோழி, கேமரா என்று தனித்தனியாக வரலாம். கானா பணமான செடியில் சில்லறை நோட்டும் வைத்திருங்கள், மோமோ என்கிற செல்போன் பணக்கணக்கிலும் பணம் போட்டு வையுங்கள்.

தலைநகர் அக்ராவிலிருந்து பாகா சாலை வழியே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்களோடு அதை ஒரே மூச்சில் போக வேண்டாம். வடக்கே உள்ள தமாலே நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கிருந்து ஓட்டுநரோடு வண்டி. போல்காதங்காவில் இரண்டு இரவு தங்குங்கள், அங்கிருந்து நவ்ரோங்கோ வழியாகப் பாகா நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பகலில் மட்டும் பயணம், ராத்திரியில் அந்தச் சாலை வேண்டாம். எல்லை நெருங்க நெருங்க சோதனைச் சாவடிகள் வரும், எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும் உங்கள் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். எல்லைச் சாவடியிலும் சீருடைக்காரர்களையும் படம் எடுக்கக் கூடாது. சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும், அழகாகத்தான் இருக்கும், போனை எடுக்காதீர்கள்.

டிசம்பரில் ஹர்மத்தான் காற்று வீசும். சஹாராவின் புழுதி வானத்தையே மூடும். மாமனாருக்கு ஆஸ்துமா இருந்தால் மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட மாட்டீர்கள். காலையில் தெருவோரம் கோகோ விற்பார்கள், இஞ்சி போட்டுப் புளிக்கவைத்த கம்பங்கூழ். கூடவே கோசே, காராமணியை அரைத்துப் பொரித்த வடை. உங்கள் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டதும் ஊர் ஞாபகம் வந்துவிடும். கம்பே மேற்கு ஆப்பிரிக்காவில் பயிரானதுதான், நாலாயிரம் வருடத்துக்கு முன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. காராமணி போட்டு வேகவைத்த வாச்சே சோறு கேட்டால், ஷிட்டோ என்ற மிளகாய்த் தொக்கு வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அதில் கருவாடும் காய்ந்த இறாலும் இருக்கும்.

பாகாவிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் பிக்வோரோ இருக்கிறது. அடிமைகளைப் பிடித்துவந்து அடைத்துவைத்த பாறைவெளி. 1704ல் தொடங்கியது என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்கிறார்கள். இங்கிருந்து சலகா அடிமைச் சந்தைக்கும், பிறகு கடற்கரைக் கோட்டைகளுக்கும் நடக்கவைத்தார்கள். பாறையில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் தெரியும், அவர்கள் சாப்பிட்ட தட்டு அது. குனிந்து கையை வைத்துப் பாருங்கள், ஓரம் வழுவழுவென்று இருக்கும். முதலையைவிட இந்த இடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். மகனுக்கு எவ்வளவு சொல்வது என்பதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள், தண்டனைப் பாறையைப் பற்றி வழிகாட்டி ஒளிக்காமல் பேசுவார்.

ஓவியச் சுவர்களுக்கு, நவ்ரோங்கோவுக்குக் கிழக்கே சிரிகு. பெண்களே சுவர் பூசி, வண்ணம் தீட்டி, பானை வனைகிறார்கள், மலைப்பாம்பும் முதலையும் சுவரில் இருக்கும். நவ்ரோங்கோவின் மண்ணால் கட்டிய பேராலயத்தின் உட்சுவரிலும் இதே வகைக் கைவேலையைப் பார்க்கலாம்.

பெரியவர்களைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அவசரமானது. கானாவுக்குள் வர மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், எனவே அவர்களுடைய மருத்துவரைப் பார்க்காமல் நேரே ஊசி மையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே இது முடிவாக வேண்டும். வறண்ட மாதங்களில் வடக்கு கானாவில் மூளைக்காய்ச்சல் பரவும் என்பதால் அந்த ஊசியையும், மலேரியா மாத்திரையையும் பற்றி அப்போதே கேட்கச் சொல்லுங்கள். மஞ்சள் அட்டை என்கிற அந்தச் சான்றிதழைத் திரும்பும்வரை தொலைக்காமல் வைத்திருக்கட்டும், அது இல்லாமல் கானாவிலிருந்து இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.