முழு அல்பத்தையும் மேடையில் கேட்க

கேள்வி: ஜேர்மனியிலுள்ள அண்ணன், எலக்ட்ரோனிக் இசைக்குழு ஒன்று தன் பழைய அல்பத்துக்கு எடுக்கும் ஆண்டு நிறைவுக் கொன்சேர்ட்டுக்குக் கூப்பிடுகிறார். அல்பம் முழுவதையும் வாசிப்பார்களா? எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகர், ஹட்டன்

பதில்: அறிவிப்பை நன்றாக வாசியுங்கள். ‘முழு அல்பம்’ என்று போட்டிருந்தால்தான் நம்பலாம். வெறும் ‘ஆண்டு நிறைவு’ நாலு பாட்டோடு முடிந்துவிடும். ஜேர்மன் எலக்ட்ரோனிக் இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க் 2012இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவுகள், இரவுக்கு ஓர் அல்பம் என்று வாசித்தது. ஆனால் இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்தாலே நாற்பது நிமிடச் சொச்சம்தான். ‘ஓட்டோபான்’ (1974) அல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் 22 நிமிடத்துக்கு மேற்பட்ட ஒரே பாட்டு! ஆகவே மிச்ச நேரத்துக்கு மற்ற அல்பங்களின் பாட்டுகள் வரும். தட்டில் இருப்பது அப்படியே வராது. நீளம் மாறும், தாள ஒலி புதிதாகும். அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. பழைய ஒலியே வேண்டுமென்றால் தட்டு வீட்டில் இருக்கிறதே.

மேடையோரம் முண்டியடிக்காதீர்கள். அங்கே அடுக்கியிருக்கும் பாஸ் (தாழ்சுருதி) ஒலிபெருக்கிப் பெட்டிகள் நெஞ்சை அதிரவைக்கும், மெல்லிய ஒலிகள் அமுங்கிப்போகும். மண்டபத்தின் நடுவே, ஒலியைக் கலந்து சீராக்கும் மிக்ஸர் மேசைக்குச் சற்று முன்னால் நில்லுங்கள். ஒலி அமைப்பாளர் தன் காதில் விழுவதை வைத்தே அளவு பார்க்கிறார். 100 டெசிபல் ஒலியைக் காது 15 நிமிடம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்பது கணக்கு. ஆகவே காதடைப்பான் போடுங்கள். ஸ்பொஞ்சு அடைப்பானென்றால் விரலால் உருட்டி, காதை மேலே இழுத்துச் செருகி, அரை நிமிடம் பிடித்திருங்கள். அரைகுறையாகச் செருகினால் பயனில்லை. ஸ்பொஞ்சு உச்ச சுருதி ஒலிகளைக் கூடுதலாக வெட்டும். இசைக்கலைஞருக்கான வடிகட்டி அடைப்பான் எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும்.

ஜேர்மனிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். பெயர் அச்சிட்ட டிக்கெட்டென்றால் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரையே அண்ணனிடம் கொடுங்கள். தகப்பன் பெயருக்கு முதலெழுத்தை மட்டும் போட்டால் வாசலில் சிக்கல்.

கேள்வி: பிரெஞ்சு எலக்ட்ரோனிக் இசைக்கலைஞர் ஜோன் மிஷேல் ஜாரின் ‘ஒக்ஸிஜென்’ (1976) அல்பத்தை எங்கள் ஊர் மண்டபத்தில் வாசிக்கப்போகிறோம். பழைய அனலொக் சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலி எழுப்பும் கீபோர்ட்) மாலையானால் சுருதி விலகுகிறதே?
வாசகி, பண்டாரவளை

பதில்: குளிர்தான் காரணம். சுருதியைத் தீர்மானிக்கும் டிரான்சிஸ்டர்கள் வெப்பம் மாறினால் நிலைமாறும். மத்தியானம் சேர்த்த சுருதி பனி இறங்கியதும் நிற்காது. ஒரு மணி நேரம் முன்பே மேடையில் வைத்து ஓன் பண்ணி, விளக்குகளையும் எரியவிட்டு, தொடங்குமுன் டிஜிட்டல் கீபோர்ட்டை ஆதாரமாக வைத்துச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த ஜன்னலோரம் வேண்டாம். குமிழ்களின் நிலையைப் போனில் படமெடுத்து வையுங்கள். பழைய கருவிகள் பலவற்றில் நினைவகம் கிடையாது. அல்பத்தைப் பெரும்பாலும் தனியாளாக எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் ரெக்கோடரில் அடுக்கிய ஜாரே 2008 மேடைகளில் மூவரைச் சேர்த்துக்கொண்டார். ஆள் குறைவென்றால் பாஸ் தொடர்களை முன்கூட்டியே பதிந்து ஓடவிடலாம், அதில் வெட்கமில்லை.