ஒரு 'டேக்'குக்குப் பாரசீகத்தில் எத்தனை சொல்?

கேள்வி: வணக்கம் சார். துபாயில் ஈரானியர் நடத்தும் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன் ஆப் வைத்துப் பாரசீகம் படிக்கிறேன். ஆங்கில 'டேக்' (take) என்றால் 'கெரெஃப்தன்' என்று அதில் இருந்தது. சரி என்று எல்லா இடத்திலும் அதையே போட்டுப் பேசினேன். ஓட்டுநர் உரிமத் தேர்வு எழுதியதைச் சொல்ல 'எம்தெஹான் கெரெஃப்தம்' என்றேன். 'நீ எப்போது வாத்தியார் ஆனாய்?' என்று கடையில் கேட்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: தவறு உங்களுடையது இல்லை. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரே ஒரு பாரசீகச் சொல்லை எழுதி வைத்திருக்கும் அந்தப் பட்டியலைத்தான் குறை சொல்ல வேண்டும். 'டேக்' மாதிரி ஒரு சொல்லை அப்படி அடைக்கவே முடியாது.

முதலில் தேர்வு. பாரசீகத்தில் மாணவர் தேர்வைக் 'கொடுப்பார்': எம்தெஹான் தாதன். அதை 'வாங்குபவர்', அதாவது கெரெஃப்தன் செய்பவர், ஆசிரியர். அதனால்தான் உங்களை வாத்தியார் என்றார்கள். இதே ஜோடி இன்னொரு இடத்திலும் வரும்: யாத் கெரெஃப்தன் என்றால் கற்றுக்கொள்வது, யாத் தாதன் என்றால் கற்றுக்கொடுப்பது.

இனிமேல் ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள், பாதி வேலை குறையும். கெரெஃப்தனுக்கு நம்மிடம் 'பிடி', 'வாங்கு' என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. டாக்ஸி பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம். அவர்களும் தாக்ஸி கெரெஃப்தன், மாஹி கெரெஃப்தன், அக்ஸ் கெரெஃப்தன் என்கிறார்கள். சம்பளம் வாங்குவதற்கும் அதே சொல், பேச்சில் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாலும் அதே சொல்தான் (நூன் கெரெஃப்தம்), நம் 'வாங்கு' பெறுவதற்கும் விலைக்கு எடுப்பதற்கும் பொதுவாக இருப்பதுபோல. சந்திரனுக்குக் கிரகணம் பிடிப்பதை 'மாஹ் கெரெஃப்தெகீ' என்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'கிரகணம்' என்ற சொல்லும் கெரெஃப்தனும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. பற்றுதல் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படைப் பொருள்.

பிடி, வாங்கு இரண்டும் ஒட்டாத இடத்தில் பெரும்பாலும் வேறு வினைதான் வரும். மருந்தை ஆங்கிலேயர் 'எடுத்துக்கொள்வார்', நாம் சாப்பிடுகிறோம், ஈரானியரும் சாப்பிடுகிறார்: தாரூ கொர்தன் (இந்தக் 'கொ'வைத் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும்). மூச்சு நமக்கும் அவர்களுக்கும் இழுப்பதுதான், நஃபஸ் கெஷீதன். பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக 'போர்தன்', மேசைமேல் இருப்பதை எடுக்க 'பர்தாஷ்தன்', செருப்பைக் கழற்ற 'தர் ஆவொர்தன்'. விமானம் கிளம்பினால் 'போலந்த் ஷொதன்', எழுவது என்று பொருள்.

நேரத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்ல 'தூல் கெஷீதன்', நீளம் இழுப்பது. ஆனால் ஒருவரிடம் 'உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்' என்று சொல்லும்போது கெரெஃப்தன் வந்துவிடும். கடையில் உங்களுக்கு இரண்டும் தினமும் தேவைப்படும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. முடிவு எடுப்பது (தஸ்மீம்), ஷவரில் குளிப்பது (தூஷ்) இரண்டுக்கும் கெரெஃப்தன்தான். காலாற நடப்பதற்கோ 'கதம் ஸதன்', அதாவது அடி வைப்பதை 'அடிப்பது' என்கிறார்கள். இவற்றுக்குக் காரணம் தேடாதீர்கள், அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். அதனால் நோட்டில் வினையைத் தனியாக எழுதாமல், முன்னால் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். பாரசீகத்தில் வினையின் பொருளைப் பெரும்பாலும் அந்தப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது.

அப்புறம், வாடிக்கையாளரை உட்காரச் சொல்ல எந்த 'டேக்'கும் வேண்டாம், 'பெஃபர்மாயீத்' போதும். உள்ளே வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நேர்ப்பொருள் 'கட்டளையிடுங்கள்'. அரசாணையைக் குறிக்கும் 'ஃபர்மான்' அதன் உறவுதான்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு தஸ்தகீர் பாய் இருக்கிறார். அவர் பெயரும் பாரசீகம் என்கிறார்களே, உண்மையா? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: உண்மைதான், மேலே சொன்ன அதே வினைதான் அந்தப் பெயரிலும் இருக்கிறது. கெரெஃப்தன் நிகழ்காலத்தில் 'கீர்' என்று மாறும். இந்தக் 'கீ'யை, 'தங்கம்' என்பதில் வரும் ககரம்போல மென்மையாகச் சொல்லுங்கள். தஸ்த் என்றால் கை. தஸ்த்கீர், கை பிடித்துத் தூக்கிவிடுபவர். நம் ஊரில் முகைதீன் ஆண்டவர் என்று போற்றப்படும் பாக்தாத் ஞானி அப்துல் காதிர் ஜீலானிக்கு வழங்கும் பட்டம் அது. ஜஹாங்கீர் என்றால் உலகைப் பிடித்தவர். ஜா என்றால் இடம், அதோடு கீர் சேர்ந்தால் ஜாகீர். 1763-இல் ஆற்காடு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரில் இருப்பதும் இந்தக் கீர்தான்.